கடைசி வண்டியின் கம்பு

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை. ஒரு மனிதன் நின்று இன்னொரு மனிதனுக்கு வழிவிட்டானே, அந்தக் கணத்தில்தான் தொடங்கியது. நூற்று நாற்பது பக்க அறிக்கை ஒன்றின் முதல் வரி இது. இதை எழுதியவர் காலை ஒன்பது மணிக்கு மனைவியின் காரில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் நின்ற மெத்தை லாரியைப் பார்த்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“விடுங்க மாமா. நீங்க அடிக்கிற அடிக்கு அந்த மெத்தையெல்லாம் எந்திரிச்சு ஓடிடும் போல இருக்கு,” என்றான் பக்கத்து சீட்டில் இருந்த மச்சான். மனைவியின் தம்பி, ஏசி மெக்கானிக். போகிற வழியில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி, கருவிப் பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தொற்றிக்கொண்டவன்.

“மணி என்ன பாரு.”

“இப்பத்தானே கேட்டீங்க. அப்ப இருந்ததுதான், கொஞ்சம் கூட.”

நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள். நடுவில் ஒரு பாலம் வேறு கட்டுகிறார்கள். வேலை முடியும்வரை ஊர் ஜனங்கள் எந்த வழியாகப் போவது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்று தீர்மானிக்கிற அதிகாரி இவர். பள்ளம் தோண்டிய ஒவ்வொரு இடத்திலும் இவர் வைத்த மஞ்சள் பலகை நிற்கும்: ‘சிரமத்திற்கு வருந்துகிறோம். உங்கள் கூடுதல் பயண நேரம் ஏழே நிமிடம்.’ அந்த ஏழு நிமிடத்தை அவர் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில், தலையில் விளக்குச் சுழலும் அலுவலக ஜீப்பில் போய், கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்து எழுதியது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘ஏழு நிமிஷம்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. வீட்டில் சொல்வார்கள்.

இன்று பத்தரை மணிக்கு உயர்மட்டக் குழு வருகிறது. குழுவுக்குப் பிடித்துப்போனால், இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் போய், நாற்பது கிலோமீட்டருக்கும் இவரே தலைமை அதிகாரி. பிடிக்காவிட்டால் மறுபடியும் கீழ்த்தளத்து வரைபட அறை. அங்கே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தவர். சுருட்டிவைத்த வரைபடங்கள், காய்ந்துபோன முத்திரை மை, சுவரில் ஓடாத கடிகாரம். அந்தக் கடிகாரத்தை நினைத்தாலே அவருக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். இப்போதும் ஆடியது. கிளட்சில் இருந்த கால் என்பதால் காரும் சேர்ந்து ஆடியது.

“அக்கா வண்டி மாமா. பார்த்து,” என்றான் மச்சான்.

“சாதாரணக் குடிமகனா இருந்து பார்க்கணும்னுதான் ஜீப்பை விட்டுட்டு இதுல வந்தேன்.”

“ஜீப்பு அந்தக் குழுவைக் கூட்டிட்டு வரப் போயிருக்குன்னு அக்கா சொன்னாங்க.”

“அதுவும்தான்.”

மேட்டு முனை வந்தது. இங்கிருந்து பாலத்து முனை வரைக்கும் ஒரே ஒரு தடம்தான் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் கான்கிரீட் தடுப்பு. நடுவில் ஒரு வளைவு இருப்பதால் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனை தெரியாது. ஒரு பக்கத்து வண்டிகளைக் கொஞ்ச நேரம் விடுவார்கள், பிறகு நிறுத்திவிட்டு மறுபக்கத்தை விடுவார்கள். முனைக்கு ஒரு கொடிக்காரர்.

மெத்தை லாரி உள்ளே போனது. இவர் காரும் போனது. அத்தோடு மேட்டு முனையில் நின்ற கொடிக்காரப் பெண் பின்னால் வந்த வேனுக்குச் சிவப்புக் கொடியைக் காட்டிவிட்டு, இரண்டே எட்டில் காருக்குப் பக்கத்தில் வந்து, மச்சான் பக்கத்து ஜன்னலைத் தட்டினாள். அவன் கண்ணாடியை இறக்கியதும் ஒரு முழ நீளக் கம்பை உள்ளே நீட்டினாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து, நுனியில் சிவப்புத் துணி முடிச்சுப் போட்டிருந்தது.

“நீங்கதான் கடைசி வண்டி. அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் நிப்பாரு. அவர் கையில குடுத்துருங்க.” சொல்லிக்கொண்டே ஒரு உடைந்த பலகையில் சாக்கட்டியால் காரின் எண்ணை எழுதிக்கொண்டாள். உள்ளே இருந்தவரை அவள் கண்டுகொள்ளவில்லை. கறுப்புக் கண்ணாடி ஜீப்பில் போகிறவரின் முகத்தை அவள் எங்கே பார்த்தாள்?

கார் நகர்ந்ததும் ஏழு நிமிஷத்துக்கு முகம் சிவந்தது. “பார்த்தியா? பார்த்தியா இதை?”

“கம்பு மாமா.”

“கம்புன்னு எனக்குத் தெரியாதா? இதை ஒழிக்கணும்னு நாலு பக்கத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பினேன். ஒண்ணாம் தேதியிலேருந்து கம்பு கூடாது, வாக்கி டாக்கியிலதான் பேசிக்கணும்னு.”

“அப்ப அவங்க கையில வாக்கி டாக்கி இல்லையே?”

“அது எப்படி இருக்கும்? இன்னிக்குத்தானே குழுத் தலைவி ரிப்பன் வெட்டிக் குடுக்கப்போறாங்க. பன்னெண்டும் என் அலமாரியில இருக்கு.”

மச்சான் கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஓஹோ. இந்தக் கம்பு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா, நடுவுல வேற வண்டி இல்லைன்னு அர்த்தம். அப்புறம் அவர் தைரியமா விடுவாரு. நல்லாத்தானே இருக்கு? சார்ஜ் போட வேண்டாம்.”

“கற்காலம்.”

“முடிச்சுக்குள்ள என்னமோ கட்டியிருக்கு மாமா.”

“அதை வேற கட்டிக் கடத்துறாங்களா? குடுக்காதே. அப்படியே வச்சிரு. குழுவுக்கு முன்னால இதை மேஜை மேல வைக்கிறேன். ‘பாருங்கள், நேற்று வரை இப்படி’ன்னு.”

“மாமா, அவங்க இதுக்குத்தான் காத்துக்கிட்டு…”

“நீ ஏசியைப் பாரு, ரோட்டை நான் பார்த்துக்கறேன்.”

பாலத்து முனையில் கொடிக்காரர் ஏற்கனவே கையை நீட்டியபடி நின்றிருந்தார். மச்சான் கண்ணாடியை இறக்கினான். ஏழு நிமிஷம் தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினார், கண்ணாடி ஏறியது. மச்சான் மறுபடி இறக்கினான். இவர் மறுபடி ஏற்றினார். கார் அதற்குள் கொடிக்காரரைத் தாண்டிவிட்டது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ‘இது கடைசி வண்டி இல்லை போலிருக்கு’ என்று நினைத்துக்கொண்டு, அவர் அடுத்த வண்டிக்காக வளைவைப் பார்க்க ஆரம்பித்தார்.

அலுவலகத் தெருமுனையில் மச்சான் இறங்கிக்கொண்டான். கதவைச் சாத்துமுன் ஒருதரம் குனிந்து, “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. திரும்பிப் போய்க் குடுத்துட்டு வந்துருங்க. ரெண்டு கிலோமீட்டர்தானே,” என்றான்.

“ஏழு நிமிஷத்துல எல்லாம் தானா சரியாயிடும்.”

மச்சான் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

கூட்ட அறை ஜன்னலுக்குக் கீழே, சீட்டு சூடாகக் கூடாதென்று நிழல் பார்த்து, காரை மூக்கு சுவரில் இடிக்கிற மாதிரி நிறுத்தினார் ஏழு நிமிஷம். கம்பை அறிக்கைக்குள் மறைத்து மேலே கொண்டுபோனார். நீண்ட மேஜையில் வாக்கி டாக்கிப் பெட்டிகள் பன்னிரண்டும் அடுக்கியிருந்தன, மேலே சிவப்பு ரிப்பன், பக்கத்தில் தட்டில் கத்தரிக்கோல். கம்பை மேஜைக்கு அடியில் வைத்தார். சரியான இடத்தில் குனிந்து, சரியான இடத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். எழுந்து நின்று ஒத்திகை பார்த்தார்.

“மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை…”

கைபேசி அதிர்ந்தது. சாலையில் இருக்கிற சூப்பர்வைசர் பெண். துண்டித்தார். “சக்கரத்திலும் தொடங்கவில்லை…” மறுபடி அவள். துண்டித்தார். மூன்றாவது முறை மச்சான்; அதையும் துண்டித்தார். குனிவது நன்றாக வரவில்லை. டை மேஜை இழுப்பறையில் சிக்கிக்கொண்டது. மூன்று தரம் குனிந்து பார்த்தார். ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார், ரிப்பனை நேராக்கினார், நேராக இருந்ததைக் கொஞ்சம் சாய்த்து மறுபடி நேராக்கினார். தெருவில் வண்டிகள் நின்றிருந்தன. இந்த நேரத்தில் நிற்பதுதானே.

டீ கொண்டுவந்த அலுவலக உதவியாளர் தம்ளரை வைத்துவிட்டு, “ரோடு அசையவே இல்ல சார்,” என்றார். “எங்க வீட்டம்மா பஸ்ஸுல உட்கார்ந்து ஒரு கால் ஸ்வெட்டர் பின்னி முடிச்சிட்டாளாம்.”

“கால் ஸ்வெட்டரா?”

“கால்வாசி ஸ்வெட்டர் சார்.”

பத்து ஐம்பதுக்குக் குழுத் தலைவியே அழைத்தார். குரல் அமைதியாக இருந்தது.

“மேட்டு முனைங்கறாங்களே, அங்கதான் நிக்கறோம். அம்பது நிமிஷம் ஆச்சு. பக்கத்துல உங்க மஞ்சள் போர்டு. ஏழே நிமிடம்னு எழுதியிருக்கு. ஏழுக்கு முன்னால ஏதாவது நம்பர் விட்டுப்போச்சான்னு நாலு பேரும் இறங்கிப் போய்ப் பார்த்துட்டோம். ஒண்ணும் விட்டுப்போகல.”

“அம்மா, இதோ, இப்பவே…”

“உங்க ஜீப்புல விளக்கு சுத்துது. ஆனா யாரும் பார்க்கறதில்ல.”

ஏழு நிமிஷம் சூப்பர்வைசரை அழைத்தார். “என்னம்மா நடக்குது அங்க?”

“ரெண்டு தரம் கூப்பிட்டேன் சார். பாலத்து முனைக்காரர் வண்டியை விடமாட்டேங்கறார். அந்தப் பக்கத்துலேருந்து கம்பு வரலையாம்.”

அவர் கண் தானாக மேஜைக்கு அடியில் போனது.

“கம்பாவது கத்தரிக்காயாவது? நான் சொல்றேன்னு சொல்லி விடச் சொல்லு.”

“சொன்னேன் சார். போன மாசம் நீங்க போன்ல ‘விடு’ன்னு சொல்லி அவர் விட்டதுலதான் டேங்கரும் பஸ்ஸும் நடுவுல மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுச்சாம். ரிவர்ஸ் எடுக்க அரை நாள் ஆச்சு. இனிமே யார் சொன்னாலும் கேக்க மாட்டேன், கம்பு வந்தாத்தான்ங்கறார்.”

“வேற ஒரு கம்பை வெட்டிக் குடும்மா.”

“குடுத்தேன் சார். ‘இது எங்க வீட்டம்மா குடுத்த கம்பு இல்ல’ன்னு கீழ போட்டுட்டார். அந்தம்மா கம்பு குடுத்தாச்சுங்கறாங்க, இவர் வரலைங்கறார். எவனோ கடைசி வண்டிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான் சார். படுபாவி, நல்லாவே இருக்க மாட்டான்.”

ஏழு நிமிஷம் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். “சரி. நான் நேர்ல வரேன்,” என்றார்.

காரை எடுக்க முடியவில்லை. அலுவலக வாசலையே அடைத்துக்கொண்டு ஒரு தண்ணீர் வண்டி நின்றது. கம்பைக் கோட்டுக்குள் வைத்துப் பார்த்தார்; காலர் பக்கம் துணி முடிச்சு எட்டிப்பார்த்தது. பேண்டுக்குள் விட்டுப் பார்த்தார், நடக்க வரவில்லை. கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். நடை கொஞ்ச தூரத்திலேயே ஓட்டமானது.

இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள். தன் திட்டத்தை அவர் இத்தனை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. வரைபடத்தில் அது நீலக் கோடு. இங்கே அதற்கு வியர்த்தது, அது இருமியது, கதவைத் திறந்துகொண்டு கெட்ட வார்த்தை பேசியது. கையில் கம்பு வைத்திருந்தவரை எல்லோரும் கொடிக்காரர் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

“ஏம்பா, எப்ப விடுவீங்க?” என்று ஒரு டாக்சிக்காரர் கேட்டார்.

“இதோ, விட்டுடுவாங்க.”

“உனக்கு டை எல்லாம் கட்டி விட்டிருக்காங்களே, வழிய விடத் தெரியாதா?”

இவர் ஓடினார். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து தோளைப் பிடித்து நிறுத்தினார். “அண்ணே, ரெண்டு அடி பின்னால எடுத்தா இந்த ஆம்புலன்சு போயிடும். கொஞ்சம் பின்னாடி நின்னு பாருங்க.” மறுக்க நேரமில்லை. இவர் பின்னால் போய்க் கம்பை ஆட்டி, “வா… வா… வா…” என்றார். லாரி வந்தது. “போதும்” சொல்ல மறந்துவிட்டார். லாரி பின்னாலிருந்த ஸ்கூட்டரின் கூடையைச் செல்லமாக நசுக்கியது. ஸ்கூட்டர் அம்மாள் திட்டியதில் பாதியை அவர் ஓடிக்கொண்டேதான் கேட்டார். ஆம்புலன்ஸ் போய்விட்டது. உள்ளே யாரும் இல்லை, டீசல் போடப் போகிறது என்று யாரோ சொன்னார்கள்.

வியர்வை கண்ணில் இறங்கியது. வரைபட அறைக் கடிகாரம் காதுக்குள் ஓட ஆரம்பித்திருந்தது. இத்தனை வருஷம் ஓடாதது.

பாலத்து முனைக்கு அவர் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று இருபது. கொடிக்காரர் அதே இடத்தில், அதே வளைவைப் பார்த்தபடி நின்றிருந்தார். சூப்பர்வைசர் பெண் மறுமுனைக்கு நடந்து போயிருந்தாள். அது ஒன்றுதான் அன்று அவருக்கு நடந்த நல்லது. கம்பை நீட்டினார்.

கொடிக்காரர் கம்பைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “புது ஆளா? யாருகிட்ட இருந்துச்சு?”

“வழியில கெடந்துச்சு.”

“பின்னாடி வண்டி இருக்கா?”

“இல்ல. அதுதான் கடைசி. விடுங்க, சீக்கிரம் விடுங்க.”

கொடிக்காரர் கொடியை எடுக்கவில்லை. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துணி முடிச்சை நகத்தால் நிதானமாக அவிழ்த்தார். உள்ளே பாலித்தீன் தாளில் சுற்றிய ஒரு மாத்திரை இருந்தது.

“ஐயோ, அதை அப்புறம் பார்க்கலாமே!”

“பிரஷர் மாத்திரைங்க. வீட்டம்மாகிட்ட விட்டுட்டு வந்துட்டேன். ஒன்பது மணிக்குப் போடணும்.” தண்ணீர் பாட்டிலைத் தேடி, மூடியைத் திருகி, அண்ணாந்து விழுங்கி, மூடியைத் திருகி, வாயைத் துடைத்துக்கொண்டார். “இப்பத்தான் தலை கொஞ்சம் நிக்குது. யாரோ ஒரு பெரிய மனுசன் கார்ல கண்ணாடிய ஏத்திக்கிட்டே போனான். அவன் வேலையாத்தான் இருக்கும்.”

“இருக்கும்,” என்றார் ஏழு நிமிஷம்.

பச்சைக் கொடி ஏறியது. இந்தப் பக்கத்து வண்டிகள் உள்ளே போயின. அவை போய், கம்பும் போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கம் திறந்து, விளக்குச் சுழலும் ஜீப்பும் அதற்குப் பின்னால் குழுவின் வெள்ளை வேனும் வந்தபோது, ஏழு நிமிஷம் பாதி தூரம் திரும்பி நடந்திருந்தார். ஹாரன் கேட்டுத் திரும்பிப் பார்த்தவர், பக்கத்திலிருந்த மஞ்சள் பலகைக்குப் பின்னால் புகுந்துகொண்டார். பலகை மார்பு வரைக்கும்தான் மறைத்தது. குனிந்தார். காலையில் வராத குனிதல் இப்போது முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

அவர் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. சூப்பர்வைசர் பெண்ணும் குழுவோடு வேனில் வந்து சுவரோரம் நின்றிருந்தாள்.

“எங்க போயிட்டீங்க?” என்றார் குழுத் தலைவி.

“ஸ்பாட்டுக்குப் போய் நேரடியா சரிபண்ணிட்டு வரேன்மா.”

“நல்லது. அந்தக் கொடிக்காரம்மாகிட்ட அவ்வளவு நேரமும் பேசிக்கிட்டிருந்தேன். கம்பு ஏற்பாட்டை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். எங்கயும் தகராறு இல்ல, தூக்கிட்டுப் போனவன்கிட்டதான் தகராறு.” அவர் வாக்கி டாக்கிப் பெட்டிகளை ஒருதரம் பார்த்தார், ரிப்பனைத் தொடவில்லை. “நாற்பது கிலோமீட்டர் ஆர்டரை இன்னிக்கு நான் போடறதா இல்ல. யார் அந்த ஆளுன்னு கண்டுபிடிச்சு, ஏன் செஞ்சான்னு எழுத்துல வாங்கிக் குடுங்க. அதைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்.”

“கண்டிப்பாம்மா. ஆனா அத்தனை வண்டியில எப்படிக் கண்டுபிடிக்கறது…”

“கஷ்டமே இல்ல சார்,” என்றாள் சூப்பர்வைசர். “அந்தம்மா கடைசி வண்டி நம்பரைப் பலகையில எழுதி வச்சிருக்காங்க. போட்டோ எடுத்துட்டு வந்தேன். சொல்றேன், எழுதிக்கங்க.”

அவள் சொன்னாள். அவர் முதல் முறை கேட்பவர் மாதிரி ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டார். நடுவில் ஒருதரம் பேனாவை நிறுத்தி, “அது மூணா, எட்டா?” என்றுகூடக் கேட்டார்.

“எட்டு சார்.”

“எட்டு,” என்று எழுதினார். “விசாரிக்கறேன்.”

கூட்டம் முடிந்தது. குழு சாப்பிடப் போக எழுந்தது. ஏழு நிமிஷம் ஜன்னல் பக்கம் போய், எட்டிப் பார்த்தார்.

சுவரில் மூக்கை வைத்து நின்ற காருக்குப் பின்னால் குழுத் தலைவியின் வேன் குறுக்காக நின்றது. காரை வெளியே எடுக்க வேண்டுமானால், தலைவியிடம் போய்க் காரின் எண்ணைச் சொல்லித்தான் வழிவிடச் சொல்ல வேண்டும்.